காற்றுக்கு ஒரு தட்டி

தாமரைக்குளம் உப்பளத்தில் வேலை பார்த்த அணைஞ்சபெருமாளின் மகள் பூமணிக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் சோர்ந்துவிட்டன. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் உட்கார்த்திக் கால்களை அசைத்துவிடச் சொன்னார் நாகர்கோவில் டாக்டர். அவ்வளவு தண்ணீரைக் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? வெயிலை நம்பி, வீட்டுக்கு மேற்கே திறந்த வெளியில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்.

பகலெல்லாம் காய்ந்தும் தண்ணீர் சூடேறவில்லை. கால் பட்டதும் பூமணி வீரிட்டாள். "எப்பா, குளிருது! நான் இறங்க மாட்டேன்."

தண்ணீரை அரையடியாகக் குறைத்தார். சூடு பிடிக்கட்டும் என்று தொட்டிக்குள் தார் பூசினார். அப்படியும் பிள்ளை இறங்கவில்லை.

ஆனி மாதக் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துப் பிடித்தபடி மனைவி சொர்ணம் கேட்டாள்: "காத்து வாரிக்கிட்டுப் போற எடமாப் பாத்துக் கெட்டியிருக்கீரே, இதுல உப்பா வெளைய வைக்கப் போறீரு?"

அவருக்குச் சுருக்கென்றது. உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்றுவதற்காக வெயிலோடு காற்றையும் வேண்டிக்கொண்டே வாழ்ந்த மனிதர். அந்தக் காற்று சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றே காற்று வரும் பக்கம் முழுக்கப் பனையோலைத் தட்டி கட்டி மறைத்தார். மறுநாள் மாலை பூமணியைத் தூக்கித் தொட்டியில் உட்கார்த்தினார். அவள் அழவில்லை.

"போதும் மக்கா, எழும்பு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"வெயிலு போகட்டும், பொறவு எழும்புதேன்."

அவர் முழங்கை நனையக் குனிந்து, அவள் காலை மறுபடியும் மெல்ல மடக்கி நீட்டினார்.