கயிறு தெரியாத படம்

அநியாயம் நடந்தது அந்தோணி அங்கிளுக்கு. குதிரையின் கயிற்றைக் கவனமில்லாமல் விட்டுவிட்டார் என்று ஒரு தாளில் எழுதி, இனி லாயத்துப் பக்கம் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் கயிற்றை விட்டது உண்மைதான். ஏன் விட்டார் என்பது அந்தத் தாளில் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், ஏனென்றால் எங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இது புரியாது.

எங்கள் தொழிலில் குதிரை ஆளைத் தள்ளுவது அபூர்வம், ஆள் தானாக விழுவதுதான் அன்றாடம். மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகக் குத்தகை நிலம், அதில் ஒரு லாயம், சுற்றுலா வருகிறவர்கள் ஏறிப் பார்க்க ஆறு குதிரைகள். யூனிவர்சிட்டி லீவு விட்டால் நான் அங்கே கவுன்டர். டிக்கெட் கொடுப்பது, ஹெல்மெட் மாட்டிவிடுவது, படம் எடுப்பது எல்லாம் என் வேலை. குதிரைகளைப் பார்த்துக்கொள்வது அந்தோணி அங்கிள். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பதினெட்டு வருடமாக இதே வேலை.

துணிக்கடையோ கிளினிக்கோ, கவுன்டருக்கு உள்பக்கம் நின்று சம்பளம் வாங்கிய யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. வெளிப்பக்கம் நிற்கிறவருக்கு நம்மைவிட எப்போதும் அதிகம் தெரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாவது கட்டம்

சவாரிக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'குதிரை ஓட்டிய அனுபவம்' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் ஏறியதே இல்லை என்பவருக்கு, ஐந்தாவது நன்றாக ஓட்டுவேன் என்பவருக்கு. எந்தக் குதிரை, அங்கிள் கயிறு பிடித்து நடக்க வேண்டுமா வேண்டாமா எல்லாம் அந்த டிக்கை வைத்துத்தான். சரியா தப்பா என்று யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கலாமே என்று நான் கேட்டேன். வந்தவரை அவமானப்படுத்தக் கூடாது என்றார் முதலாளி.

சிரம்பானிலிருந்து வந்த ஒருவர் ஐந்தாவது கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். குதிரையின் இடது பக்கமாக ஏறுவதுதான் வழக்கம். அவர் வலது பக்கம் போய், சேணத்தின் கால் வளையத்தில் இடது காலை வைத்து எம்பினார். பாதி ஏறிய பிறகுதான் இப்படியே உட்கார்ந்தால் வாலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்பது புரிந்திருக்கிறது. அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டார். சேணம் சுழன்று, அவர் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தொங்கினார். எங்கள் மோசஸ் கிழட்டுக் குதிரை, அசையாமல் நின்றது. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அவர் தலை குளம்புக்குக் கீழே. அங்கிள் மண்ணில் படுத்து அவரை இழுத்து வெளியே போட்டார். அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னது:

“எங்க பெரியப்பா வீட்டுக் குதிரை இந்த மாதிரி இல்ல லா. நாம ஏறப் போனா அதுவே கீழ உட்காரும்.”

ஆயிரம் சிசி

ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏழு பெரிய மோட்டார் சைக்கிள்கள் ஏறி வந்தன. எல்லாரும் கறுப்பு ஜாக்கெட். அதில் தலைவர் மாதிரி இருந்தவர், தான் ஓட்டுவது ஆயிரம் சிசி, இது வெறும் ஒரு குதிரை சக்தி என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டார். விதிப்படி வேலிக்குள் கயிறில்லாமல் ஓட்டலாம். பொன்னியைக் கொடுத்தோம். அவள் முன்னாளில் பந்தயத்தில் ஓடியவள். சிவப்புக் குதிரை, பார்த்தால் எல்லாருக்கும் அவளே வேண்டும்.

அவர் கடிவாளத்தை இரண்டு கையாலும் நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் குதிகாலால் விலாவில் உதைத்தார். போ என்கிறாரா நில் என்கிறாரா என்று பாவம் அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் அவள் வாயிலிருந்து வழிந்த நுரை சிவப்பாக இருந்தது. நான் இறங்கச் சொன்னேன். அரை மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கிறேன் என்றார். அங்கிள் வேலியைத் தாண்டிப் போய், கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார். இறங்கியவர் நேரே முதலாளியிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று முதலாளி அங்கிளிடம் அந்த இடத்திலேயே சொன்னார். அங்கிள் உப்புத் தண்ணீரால் பொன்னியின் வாயைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். போகும்போது அந்த மோட்டார்க்காரர் எட்டிப் பார்த்தார், கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

“ரத்தம் வருதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். நான் வேற குதிரை கேட்டிருப்பேன்ல.”

செடிக்குப் பின்னால் இருப்பவர்

வேலியைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் போகிற சவாரிக்கு அங்கிள் முன்னால் கயிறு பிடித்து நடப்பார். அரை மைலில் ஒரு வளைவு. பின்னால் மலை முழுக்கத் தேயிலை. அங்கே வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், அங்கிள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், கயிறு தெரிகிறது. அவர் கொக்கியைக் கழற்றி, கயிற்றை முதுகுக்குப் பின்னால் சுருட்டிக்கொண்டு செடிக்குப் பின்னால் குந்துவார். அவர் குரல் கேட்கிற தூரத்தில் இருக்கும்வரை குதிரையும் நிற்கும். நான் படம் எடுப்பேன். படத்தில் மலை, பனி, கையில் கடிவாளத்தோடு தனியாக ஒரு குதிரை வீரர். நல்ல படங்களை முதலாளி கவுன்டருக்கு மேல் போர்டில் மாட்டியிருந்தார், கூட்டம் அதைப் பார்த்துத்தான் வரும்.

சில சமயம் அங்கிளின் தொப்பியோ கயிற்று முனையோ செடிக்கு மேலே தெரிந்துவிடும். ஒரு அம்மா என்னிடம், படத்தில் யாரோ இருக்கிறார், எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். போனில் விரலால் தேய்த்தால் போய்விடும். தேய்த்துக் கொடுத்தேன். பிறகு அதுவே பழக்கமாகி, கேட்காமலேயே எல்லாப் படத்திலும் தேய்த்தேன். நியாயம் பேசுகிறவள் என்று பேர் வாங்கிய நான்தான், எத்தனையோ படங்களிலிருந்து அந்த மனிதரை அழித்தேன். ஒருநாள் நான் அழிப்பதை அங்கிளே தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“நல்லா அழிமா. அந்தத் தொப்பி பழசு.”

ஆதாரம்

தினேஷ் என்று ஒருவர், கிள்ளானில் ஆபீஸ் வேலை. முதல் தடவை வந்தபோது முதல் கட்டத்தில் டிக் போட்டவர்; அங்கிள் கயிறு பிடித்தார், நான் வளைவில் படம் எடுத்தேன். நாலு மாதம் கழித்து ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை ஐந்தாவது கட்டம், பொன்னிதான் வேண்டும் என்றார். நண்பர்களிடம் தனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறார் என்பது அவர்கள் அவரைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

நான் விடவில்லை. உங்களுக்கு ஓட்டத் தெரியாது, போன தடவை கயிற்றில்தான் போனீர்கள் என்றேன். அவர் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். நான் எடுத்த படம். கயிறும் அதைப் பிடித்த ஆளும் அந்தச் செடிக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்தி என் முன்னால் நீட்டினார். கிண்டல் எல்லாம் இல்லை. நாலு மாதமாகப் பார்த்துப் பார்த்து அவரே நம்பிவிட்டிருந்தார். நான் டிக்கெட்டில் 'கயிற்றோடு' என்று பெரிதாக எழுதினேன். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம்.”

வளைவில்

தூறலாக இருந்தது, கவுன்டரில் வரிசை நீளம், நான் போகவில்லை. பிறகு அங்கிளும், அந்தச் சரிவில் மெஷினால் தேயிலை வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் தொழிலாளிகளும் சொன்னதை எழுதுகிறேன். வளைவில் நண்பர்கள் மூன்று பேரும் போனோடு முன்னாலேயே நின்றிருந்தார்கள். தினேஷ் கயிற்றை விடச் சொன்னார். ரோடு ஈரமாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றார் அங்கிள். அப்படியானால் கீழே போய்ப் புகார் கொடுப்பேன் என்றார் தினேஷ். ஏற்கெனவே ஒரு புகார் இருக்கிறது. ஒரே ஒரு படம்தானே என்று அங்கிள் கொக்கியைக் கழற்றினார். நண்பர்கள் ஓட்டு ஓட்டு என்றார்கள். தினேஷ் இரண்டு குதிகாலாலும் ஓங்கி உதைத்தார்.

பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பொன்னி பறந்தாள். திருப்பத்தில் தாரில் வழுக்கி, ரோட்டோர வடிகாலில் விழுந்தாள். தினேஷ் தேயிலைச் செடிகள்மேல் போய் விழுந்தார், காறை எலும்பு முறிவு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொன்னியின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மிருக டாக்டர் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அங்கிள் வடிகால் தண்ணீரில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்து, கண்ணை ஈரச் சாக்கால் மூடிப் பிடித்திருந்தார். நான் ஓடிப் போனபோது சரிவில் மெஷின் சத்தமே இல்லை, எல்லாரும் நின்றிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி போட்டு முடிப்பதுதான், வேறு வழியில்லை என்றார். தலையை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முதலாளி வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றார். அங்கிள் எழுந்திருக்கவில்லை.

“நான்தான் கயிற்றை விட்டேன் சார். நானே பிடிச்சுக்கிறேன்.”

ஒரு வரி

முதலாளி அறிக்கை எழுதினார். அதில் அங்கிள் சொன்ன முதல் பாதி மட்டும் இருந்தது. கவனமின்மை, ஒப்புக்கொண்டார், நீக்கப்படுகிறார், முடிந்தது.

நான் போய் வாதாடினேன். யூனிவர்சிட்டி விவாதப் போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியவள் என்ற திமிரோடுதான் போனேன். போர்டில் இருக்கிற படங்களில் ஒன்றிலாவது கயிறு இருக்கிறதா என்று கேட்டேன். படம் எடுக்கச் சொன்னேன், கயிற்றை விடச் சொன்னேனா என்று கேட்டார். விடாமல் இப்படி எப்படி எடுப்பது என்றேன். அது உங்கள் இரண்டு பேர் வேலை என்றார். நானும்தான் குற்றவாளி, என் பேரையும் எழுதுங்கள் என்றேன். நீ படிக்கிற பிள்ளை, போ என்றார். ஒரு மணி நேரம் நகராமல் நின்றேன். கடைசியில் சலித்துப் போய் ஒன்று சொன்னார்: கயிற்றை விடச் சொன்னது தான்தான் என்று அந்தத் தினேஷ் ஒரு வரி எழுதித் தந்தால் அறிக்கையைக் கிழித்துவிடுவார், மறுநாளே அந்தோணி வேலைக்கு வரலாம்.

அங்கிள் அதற்குள் பக்கத்து ஊரான திரிங்காப்பில் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். கோஸ் எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கிறது, இதில் பேச்சுத் துணைதான் இல்லை என்று சிரித்தார். ஒரு வரி போதுமாம், இன்றைக்கே தினேஷுக்கு மெசேஜ் போடுகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

“முதல்ல தோளு எப்படி இருக்குன்னு கேளுமா. அப்புறம் இதைக் கேளு.”

பதில்

அப்படியே கேட்டேன். முதலில் தோள், பிறகு அந்த ஒரு வரி. நாலு தடவை எழுதி, கோபமான வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினேன். அன்றைக்கே படித்துவிட்டார், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அங்கிள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவிதான் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்று, வந்துச்சா என்பார். மூன்று ஞாயிறு இல்லை என்று சொன்னேன்.

நாலாவது ஞாயிறுக்கு முந்தின நாள் பதில் வந்தது. முதலாளியிடம் ஓடிப் போய்க் காட்டினேன். முழுதும் படித்தார், அவர் சொல்வதும் நியாயம்தானே என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அறிக்கை கிழியவில்லை. அங்கிள் இன்றைக்கும் கோஸ்தான் ஏற்றுகிறார்.

குதிரை ஏற வந்தவர்களில் தன் திறமையை உள்ளது உள்ளபடி சொன்னவர் நான் பார்த்தவரை தினேஷ் ஒருவர்தான் என்பதால், அவர் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

“ஷோல்டர் இப்ப ஓகே லா, தேங்க்ஸ். கயிற்றை விடுங்கன்னு சொன்னது நான்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் சொன்னா அவர் விட்டுடலாமா? மொத்தமே ரெண்டு தடவைதான் குதிரை மேல உட்கார்ந்திருக்கேன், எனக்கு என்னங்க தெரியும்?”