எதிர்க்கரையில் வேடிக்கை பார்த்தவர்கள்

மண்சரிவுக் கண்காணிப்பில் கள உத்தியோகத்தராக இருந்த காலத்தில், தொண்டை கிழியக் கத்திய நாள் ஒன்று உண்டு. மலையகத்தில் கொத்மலைப் பக்கம், மழை விட்ட காலை. நீர்த்தேக்கத்தின் அக்கரைச் சரிவில் வெடிப்பு அகன்றுகொண்டிருந்தது. அங்கே தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் இருந்த ஆட்களை முதல் நாளே பாடசாலைக்கு அனுப்பிவிட்டோம். அப்பாடா என்று இக்கரைக்கு வந்தால், தண்ணீர் ஓரத்தில் திருவிழாக் கூட்டம். இடுப்பில் பிள்ளை, கையில் போன். மலை சரிவதைப் பார்க்க வந்திருக்கிறார்களாம்!

எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அக்கரை மேட்டில் வெடிப்பை அளந்துகொண்டிருந்தவர் போனில் பதறினார். "பிள்ளை, சரிவின்ர அடி தண்ணிக்குள்ள கிடக்கு. அது வழுக்கினா அலை உங்கட பக்கம்தான் வரும். சனத்தை மேல ஏத்துங்கோ!"

அலை வரும், மேலே ஏறுங்கள் என்று கத்தினேன். யார் ஏறுவது? மீன் பிடிக்கிற ஆரோக்கியம் அண்ணன் தன் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நெலம் ஆடவே இல்லியே தங்கச்சி. சுனாமின்னா மொதல்ல தண்ணி உள்ள வாங்கும். வாங்கட்டும், ஓடிக்கிறோம்."

கூட்டமும் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டிவில பாத்தது கடல்ல பூமி நடுங்கி வந்தது அண்ணே! கடல் தரையே அகலமா எழும்பும். அலை நாடு தாண்டிப் போகும், தூரத்துல இருக்கவங்களுக்கு ஓட நேரமிருக்கும். இது மண்ணு வழுக்கித் தண்ணியத் தள்ளுறது. ரொம்ப தூரம் போகாது, பக்கத்துல நிக்கிறவன விடாது. நெலம் ஆடணும்னு இல்ல. தண்ணி வாங்குறது மண்ணு எறங்குற அந்தக் கரையில. நம்ம பக்கம் நேரா ஏறி வரும்!"

பிள்ளைக்காரிகள் முதலில் நகர்ந்தார்கள். பின்னாலேயே மற்றவர்களும் ரோட்டுக்கு ஏறினார்கள். ஆரோக்கியம் அண்ணன் மட்டும் அசையவில்லை. வள்ளத்தை விட்டு வரமாட்டாராம். வந்த ஆத்திரத்தில் அவருடைய புது வலையை வாரிக்கொண்டு மேட்டில் ஓடினேன்.

"ஏய், வலைய வையி! வலைய வையின்னா!" என்று திட்டிக்கொண்டே துரத்தி வந்தார்.

ரோட்டை எட்டியதும் திரும்பிப் பார்த்தேன். அக்கரையில் தேயிலை அப்படியே நின்றது. அடியில் மட்டும் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியது. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் கிடந்த சரிவின் அடி வழுக்கியிருந்தது. அடுத்த நொடி தண்ணீர் மொத்தமாக வீங்கி எங்களை நோக்கி வந்து, வள்ளத்தைத் தூக்கிக் கரைமேட்டு மரத்தில் அடித்தது. பலகை பலகையாக முறிந்தது.

வலையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்கனயே நின்னுருப்பேனே, தங்கச்சி."

அன்றிலிருந்து எந்தத் தோட்டத்தில் பயிற்சி நடத்தினாலும் என் முதல் கேள்வி, "மலை சரிஞ்சா எங்க ஓடுவீங்க?" என்பதல்ல. "எங்க நின்னு வேடிக்கை பாப்பீங்க?" என்றுதான் கேட்பேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை காட்டுகிற அந்த இடத்தில்தான் முதல் எச்சரிக்கைப் பலகையை நடுவேன்.