நன்றிப் பாட்டு

1977. ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையப் பிளாட்பாரத்துத் தேநீர்க் கடையில் டிரான்சிஸ்டர் அலறுகிறது. சிட்னிக்கு வந்த மூன்று வாரமாக எங்கே போனாலும் 'கன்ட்ரி' என்கிற இதே நாட்டுப்புறப் பாட்டுதான். விடிந்ததற்கு நன்றி, ரொட்டிக்கு நன்றி, வீட்டில் பெண்டாட்டி இருப்பதற்கு நன்றி என்று கிதாரோடு ஒருவன் உருகுகிறான்.

என் பக்கத்தில் யாழ்ப்பாணத்து நர்ஸ் சிவமலர். என் கையிலிருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து பேசியவர். வேலை முடிந்து சீருடையோடு நிற்கிறார்.

எதிரே தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். "நாலைந்து வருடம் முன்பு, வெள்ளையருக்கு மட்டும் என்ற சட்டம் இருந்தபோது, உங்களை இங்கே குடியேறவே விட்டிருக்க மாட்டோம். நீங்கள்தான் இந்தப் பாட்டைப் பாட வேண்டும்" என்கிறார் ஆங்கிலத்தில்.

"தேங்க் யூ" என்கிறேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. நேற்று பஸ்ஸில் என் காலை மிதித்தவனுக்கும் அதையேதான் சொன்னேன்.

சிவமலர் கோப்பையை டொக்கென்று வைக்கிறார். "என்னத்துக்கு நன்றி சொன்னனீங்கள்?"

"சும்மா... பழக்கம்."

அவர் பெரியவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் சொல்கிறார்: "இன்று உங்கள் வயதுக்காரர்கள் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன். நீங்கள் பாடுங்கள், நான் கேட்கிறேன்."

ரயில் வருகிறது. பெரியவர் பெட்டிக் கதவை இழுத்துப் பிடித்தபடி ஒதுங்கி நிற்கிறார். சிவமலர் நன்றி சொல்லாமல் ஏறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"ஏறுங்கோ. நாங்களும் டிக்கெட் எடுத்தனாங்கள்தானே."

நாக்கு நுனிவரை வந்துவிட்ட தேங்க்ஸை விழுங்கிக்கொண்டு ஏறுகிறேன்.