குரோம்பேட்டையில் உருண்ட நூல்கண்டு

சும்மா இருந்தால் என் மனம் எதையாவது நினைத்துப் பதறும். அதற்காகவே குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் பழக ஆரம்பித்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மொபைலில் வீடியோ பார்த்தபடி பின்னுவேன். மூன்று முறை பிரித்துப் போட்டு, நான்காவது முறைதான் ஓரம் நேராக வந்திருந்தது.

அன்று குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது, மடியிலிருந்த நூல்கண்டு நழுவி வாசல் பக்கம் உருண்டது. இறங்கப்போன ஒரு பெண்ணின் கணுக்காலில் நூல் சுற்றிக்கொண்டது. அவர் அடுத்த அடி வைத்ததும் ஊசி நழுவி, என் கண்ணெதிரே பின்னல் வரிசை வரிசையாகப் பிரிந்தது. நூலைச் சட்டென்று என் பக்கம் இழுத்தேன்.

அவர் தடுமாறிக் கம்பியைப் பிடித்தார். முழங்கால் இருக்கையில் இடித்தது. அவர் நிமிர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

திட்டப்போகிறார் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். அவரோ எதிரே உட்கார்ந்து, காலிலிருந்த சிக்கை எடுத்து, நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப பிரிஞ்சிடுச்சாங்க?"

"நாலு வரிசை போயிடுச்சு," என்றேன், குறைபட்டுக்கொள்வதுபோல.

"அடடா. பரவால்ல, மறுபடி போட்டுடலாம். நான் பல்லாவரத்துல இறங்கி குரோம்பேட்டைக்குத் திரும்பிப் போய்க்கறேன்."

பல்லாவரத்தில் அவர் நொண்டியபடி இறங்கியபோதுதான், அடிபட்டதா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது.

இப்போது நூல்கண்டை ஜிப் பைக்குள் வைத்துத்தான் பின்னுகிறேன். ஆனாலும் குரோம்பேட்டை வந்தால் கை தானாக நின்றுவிடுகிறது. இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.