மான்ட்ரியலில் ஒரே ஒரு புள்ளி

காலை 11.20. கர்க்லாண்டில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம் வந்தால் ஒரு பெரிய வணிக வளாகம். நகரத்துக்குள் போகும் விரைவுப் பேருந்து அதன் வாசலில்தான் புறப்படுகிறது. தம்பி என்னை அங்கே இறக்கிவிட்டு, கையில் இரண்டே முக்கால் டாலர் சில்லறையைத் திணித்தான்.

"நோட்டுக் குடுத்தா மீதி வராதுக்கா. சில்லறையாவே போட்டுரு. டிக்கெட் பத்திரம். எங்க ஆபீஸ்ல அவனவன் இதுக்கு அலையறான்."

அவன் சொன்னது ஃபுட்பால் டிக்கெட்டை. டவுன்டவுனில், மலைச்சரிவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே ஃபுட்பால் என்றால் உயிர். நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆள்மேல் ஆள் விழும் ஆட்டம். அன்று மதியம் ஒரு மணிக்கு அரையிறுதி. இந்த ஊருக்கு வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்பது தம்பியின் கட்டளை.

2008 நவம்பர். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கி அது நான்காவது நாள். நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். உடம்பு இன்னும் பீளமேட்டிலேயே இருந்தது. பகலெல்லாம் கண் செருகும். எதைப் பார்த்தாலும் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல மிதக்கும். அந்த மிதப்பில்தான் இந்த ஊரை முழுக்கப் பார்த்தேன். அதனால் இங்கே எழுதுவதில் கொஞ்சம் தூக்கம் கலந்திருந்தால் மன்னிக்கவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியின் கூடைப்பந்து அணியில் பதினெட்டு வருடம் ஆடியவள் நான். வேலை, சம்பளம், முழங்கால் வலி, எல்லாம் அந்தப் பந்து கொடுத்ததுதான். கோவையில் பெரிய போட்டி நடக்கும் நாட்களில் கேலரி நிரம்பி வழியும். மற்ற நாட்களில் கிரிக்கெட் போகத்தான் மிச்சம். கூட்டத்தையெல்லாம் ஒரே விளையாட்டு விழுங்கிவிடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இந்த ஊரில் அந்தக் கிரிக்கெட்டின் இடத்தில் ஃபுட்பால்.

11.40. பேருந்தில் ஓட்டுநர் "போன்ஜூர்" என்றார். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தோடு தீர்ந்தது. பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி கைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். "ஓம் பிள்ளை, வாறன். வார்ம்-அப்புக்கு முதலே வந்திடுவன்." அவர் பேசி முடித்ததும் நான் சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, நீங்களும் ஃபுட்பாலுக்குத்தான் போறீங்களா?"

"இல்லைத் தங்கச்சி. நான் பாஸ்கட்போலுக்கு. என்ரை மகள் விளையாடுறவ." பிறகு, பொய் சொல்லிவிட்டவர்போலத் தானே திருத்திக்கொண்டார். "விளையாடுறவ எண்டு சொல்லேலாது. வாங்கிலை இருக்கிறவ." வாங்கு என்றால் பெஞ்ச்.

அவர் பெயர் குணம். யாழ்ப்பாணத்துக்காரர். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல். மாலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும். பையில் இருந்தது சமையலறையில் போடும் ஷூ. மகள் மயூரி அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரி. பன்னிரண்டாவது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக்கொடுத்து, எல்லோருக்கும் கை தட்டி, கடைசி இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டால் இறங்க வேண்டியவள்.

"நாலு வருசமா இஞ்சை நடந்த ஒரு மட்சும் நான் விடேல்லை. அவ இஞ்சை ஒரு புள்ளியும் எடுக்கேல்லை. ஒருக்கால் வெளியூரிலை ரெண்டு புள்ளி எடுத்தவ. அண்டைக்கு எனக்கு லீவு கிடைக்கேல்லை."

"இந்த வருஷம் கிடைக்கும் விடுங்கண்ணா."

"இண்டையோடை சரி. டிசம்பரோடை படிப்பு முடியுது. ஒட்டாவாவிலை வேலை. இஞ்சை இதுதான் கடைசி மட்ச்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் இலை உதிர்ந்த மரங்களும் சாம்பல் வானமும். எனக்கு அந்த டிக்கெட் சட்டைப்பையில் உறுத்தத் தொடங்கிவிட்டது.

12.10. கோட்-வெர்ட்டுவில் மெட்ரோ. ஆரஞ்சுப் பாதையில் ஏறி, பச்சைப் பாதைக்கு மாறி, டவுன்டவுனில் வெளியே வந்தபோது மணி 12.45. மெட்ரோ முழுக்க முகத்தில் வண்ணம் பூசிய பிள்ளைகள். ஒருவன் கழுத்தில் முரசு. எல்லோரும் எங்களோடே மலை ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் பாதை பிரிந்தது. வலப்பக்கம் ஸ்டேடியம், அதை ஒட்டியே, செங்கல் சுவரோடு, உள்ளரங்கம். டிக்கெட் கிடைக்காமல் கேட்டருகே நின்ற ஒரு மாணவியிடம் என்னுடையதை நீட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். குணம் அண்ணை பதறிப்போனார்.

"ஐயோ தங்கச்சி, அது கிடைக்காத டிக்கெட்டெல்லே!"

"எனக்கு இதுதாங்கண்ணா ஆட்டம்" என்றேன். வாயால் சொன்னபிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

1.30. உள்ளரங்கத்தில் வெதுவெதுப்பு, மெழுகிட்ட மரத்தரையின் வாசனை. எண்ணிப் பார்த்தேன்: எங்களைச் சேர்த்து முப்பத்தொரு பேர். குணம் அண்ணை வளையத்துக்குப் பின்னால் இருந்த கேலரியில், கீழ் வரிசை மூலையில் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய இடம் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வார்ம்-அப் தொடங்கியது. மெலிந்த, நெட்டையான பெண் ஒருத்தி பந்தை எடுத்து அவர் பக்கம் பார்க்காமலே கையை லேசாக அசைத்தாள். அவரும் அசைத்தார்.

"வார்ம்-அப்புக்கு நேரத்தோடை வாறது இதுக்குத்தான். இப்ப பாருங்கோ, எத்தினை போடுறா எண்டு."

உண்மைதான். மயூரி அருமையாகப் போட்டாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்களுக்கு நடுவே இறுகிக் கிடந்தன. கைதட்டவோ கத்தவோ இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் கத்தினால் பிள்ளைக்கு வெக்கம். பேந்து, இஞ்சை ஒரு முறை இருக்கு. எங்கடை பிள்ளை ஃப்ரீ த்ரோ போடேக்கை மூச்சும் விடக்கூடாது. மற்றவை போடேக்கைதான் சத்தம் போடலாம். நான் ரெண்டுக்கும் சேர்த்துப் பேசாமல் இருந்திடுவன்."

2.30. ஆட்டம் தொடங்கியது. அதற்குப்பின் நடந்ததை எப்படிச் சொல்வது? சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள்; இந்தப் பக்கம் முப்பத்தொரு பேர். அங்கே ஆரவாரம் எழும்போதெல்லாம் எங்கள் கேலரிப் பலகை அதிர்ந்தது. இங்கே ஒரு பெண் மூன்று பேரைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போடுவாள். பத்துப் பேர் கை தட்டுவோம். கொஞ்சம் பொறுத்து, யாரோ எங்கேயோ செய்த எதற்கோ சுவர் முழங்கும். ஒரே ஒரு முறை இரண்டும் ஒன்றாக வந்தது. எங்கள் பெண் போட்ட பந்து வலைக்குள் விழவும், அந்தப் பக்கம் மலையே எழுந்து கத்துவதுபோல ஓசை வரவும் சரியாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். என் உடம்புக்கு அப்போது நடுஜாமம். மேலே கம்பி வைத்த ஜன்னல்களில் பனி விழ ஆரம்பித்திருந்தது. நான் விழித்திருந்தேனா, கோவையில் படுத்து இதைக் கனவு கண்டுகொண்டிருந்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மயூரி பெஞ்சிலேயே இருந்தாள். முதல் கால் பகுதி, இரண்டாவது, மூன்றாவது. அணி இருபது புள்ளி பின்னால். தோற்பது உறுதியான பிறகு எனக்குக் கோச்மேல் கோபம் வந்தது. "இன்னும் எதுக்கு வெச்சுட்டிருக்கான் அந்த ஆளு? எறக்கி விடவேண்டியதுதானே?" என்றேன் சத்தமாக.

"விடுவர், விடுவர்" என்றார் குணம் அண்ணை. அவர் நெற்றியில் வியர்வை.

3.50. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட முழக்கம் எழுந்து அடங்கியது. ஃபுட்பால் முடிந்துவிட்டது. ஜெயித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. முதலில் குளிர்; அதன் பின்னே முகத்தில் வண்ணம் பூசிய கூட்டம். தலையிலும் தோளிலும் பனி. கை சூடு பண்ணிக்கொள்ள வந்தவர்கள், கழிப்பறை தேடி வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். எங்கள் கேலரி மேல் வரிசை வரை நிரம்பியது. அந்த முரசும் வந்தது. என்ன ஆட்டம், யார் முன்னிலை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வெற்றிக் களிப்பில் எல்லாவற்றுக்கும் கத்தினார்கள்.

கோச் பெஞ்சைப் பார்த்து விரலை அசைத்தார். மயூரி மேற்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

இரண்டு நிமிடம் பத்து விநாடி மிச்சம். முதல் முறை பந்து கைக்கு வந்தபோது தோழிக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் முறை நேராக எங்கள் வளையத்தை நோக்கி வந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி கையில் அடித்தாள், விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடுவது, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

கோட்டில் வந்து நின்றாள். எங்களுக்கு நேர் எதிரே, வளையத்துக்கு அந்தப் பக்கம். பின்னால் இருந்த கூட்டத்துக்கு இதெல்லாம் புதிது. ஃபுட்பாலில் தங்கள் ஆளுக்குக் கத்துவதுபோல, அவள் சட்டை நிறத்தைப் பார்த்துக் கத்தினார்கள். முரசு அதிர்ந்தது. ஊதல்கள். அன்போடுதான் செய்தார்கள், அதுதான் கொடுமை. மயூரி பந்தைத் தட்டினாள், நிறுத்தினாள், போட்டாள். வளையத்தின் பின்விளிம்பில் பட்டு வெளியே போய் விழுந்தது. கூட்டம் அதற்கும் கத்தியது.

குணம் அண்ணை எழுந்தார். நாலு வருடம் முழங்காலுக்கு நடுவே கிடந்த கைகள் இரண்டும் மேலே போயின. அரங்குக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"சிலான்ஸ்!"

அடுப்பு, பாத்திரம், புகைபோக்கி எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கும்படி ஆணை போட்டுப் பழகிய சமையலறைக் குரல் அது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "சிலான்ஸ், சில் வூ ப்ளே! என்ரை பிள்ளை!" பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். விரல் ஒன்றை உதட்டில் வைத்தார். மற்றக் கை மேலேயே இருந்தது.

முதல் வரிசை அடங்கியது. அப்புறம் அதற்கு மேல் வரிசை. முரசுக்காரன் முரசின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை நிறுத்தினான். முகத்தில் வண்ணம் பூசிய அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அந்த மனிதரின் தலைக்கு மேலாக அரங்கைப் பார்த்தார்கள். பந்து தரையில் தட்டும் ஒலி கேட்டது. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு வலை மட்டும் சரக்கென்றது.

அதற்குப்பின் எழுந்த சத்தத்தில் கட்டடம் நின்றதே ஆச்சரியம். தோற்றுக்கொண்டிருந்த அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரி எடுத்த ஒரு புள்ளிக்கு, ஒரு ஃபுட்பால் கூட்டம் குதித்தது. குணம் அண்ணை இன்னும் திரும்பவில்லை. கையைக் கீழே போடக்கூட மறந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"விழுந்ததோ?"

"விழுந்துருச்சுண்ணா!"

அவர் முகம் கோணியது. எனக்கும் அடக்க முடியவில்லை. அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

4.10. ஆட்டம் முடிந்ததும் மயூரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, நீங்க பாக்கவே இல்லை! நான் பாத்தா உங்கட முதுகுதான் தெரிஞ்சது."

"அவை சத்தம் போட்டவை, பிள்ளை..."

"தெரியும்" என்றாள். "அதைப் பாத்துத்தான் போட்டனான்." சொல்லிவிட்டு, வியர்வையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு தோழிகள் கூப்பிட, போய்விட்டாள்.

4.25. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மலைப்பாதையில் பனி கணுக்கால் வரை இல்லை. ஆனால் காலடி ஓசை கேட்காத அளவுக்கு விழுந்திருந்தது. நகரத்து விளக்குகள் கீழே மங்கலாகத் தெரிந்தன. மெட்ரோ வாசலில் நாங்கள் பிரிய வேண்டும்: அவர் உணவகத்துக்கு, நான் கர்க்லாண்டுக்கு. அவர் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, நீங்கள் விளையாடின ஆள். வடிவாச் சொல்லுங்கோ. அவவின்ரை கை எப்பிடி இருந்தது?"

பயணம் போனவர்கள் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். அதனால் ஒப்புக்கொள்கிறேன்: நானும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக அந்த அரங்குக்கு வந்தவர் பார்க்கவில்லை, கூடைப்பந்தே வாழ்க்கை என்று இருந்த நானும் பார்க்கவில்லை. மயூரியின் அந்தப் பந்தைப் பார்த்தவர்கள் குளிருக்கு ஒதுங்க வந்த ஃபுட்பால்காரர்கள்தான்.

ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நான் எத்தனை ஆயிரம் முறை நின்றிருப்பேன்?

"முழங்கை நேரா இருந்துச்சுங்கண்ணா. முழங்காலை மெதுவா மடக்குனா. பந்து கையை விட்டுப் போனதுக்கப்புறமும் மணிக்கட்டு அப்படியே மடங்கி மேலயே நின்னுச்சு. வளையத்தைத் தொடவே இல்லை."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். இமைமேல் பனி விழுந்தது; துடைக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன்.