சிறகவரைக்கு வேண்டிய இருட்டு

கண்டக்டரம்மா வீட்டுக் கொல்லையில் எந்தக் காயும் தன் சொந்த நிறத்தில் இருக்காது. வெண்டை சிவப்பு, கத்தரி முட்டை வெள்ளை, பீன்ஸ் ஊதா, முள்ளங்கியை அறுத்தால் உள்ளே ரோஜா. பஸ்ஸில் ஏறுகிறவர் கூடையிலிருந்து தெரியாத காய் ஒன்று எட்டிப்பார்த்தால் போதும், டிக்கெட் கிழிப்பது அவளுக்கு இரண்டாம் வேலையாகிவிடும். எங்கே விளைந்தது, விதை கிடைக்குமா, எத்தனை நாளில் காய்க்கும் என்று குடைந்தெடுத்த பிறகுதான் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பாள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் கொல்லை இப்படித்தான் நிறைந்தது.

வீட்டுக்காரர் வயர்மேன். அவரைப் பொறுத்தவரை காய் என்றால் உருளைக்கிழங்கு, மற்றதெல்லாம் வம்பு. தட்டில் சிவப்பு வெண்டையைக் கண்டால் டெஸ்டர் வைத்துப் பார்க்காத குறையாகப் புரட்டுவார். ஆனால் பெண்டாட்டிக்கு ஒரு கஷ்டம் என்றால் மனுஷர் தாங்கமாட்டார். ஷிப்ட் முடிந்து இருட்டில் வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தவர், கொல்லைச் சுவரில் ஒரு விளக்கு மாட்டிக் கொடுத்தார். சாதாரண விளக்கா? பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். தோட்டத்துக்கென்று அவர் செய்த முதல் காரியம் அது. அன்று அவள் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த விளக்கடியில்தான் சிறகவரை ஏறியது. காயின் நாலு பக்கமும் சிறகு முளைத்த மாதிரி இருக்கும் அவரை. அவள் பஸ்ஸை ஓட்டும் டிரைவர் கொடுத்த விதை. அவர் வீட்டு வேலியில் முப்பது வருடம் காய்த்த கொடியைச் சாக்கடைக்குக் குழி தோண்ட வந்தவர்கள் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கையிலிருந்த விதையை எல்லாம் முன்பே இவளிடம் கொடுத்திருந்தார். அதில் முளைத்தது ஒன்றே ஒன்று. இன்னும் நாலு மாதத்தில் அவருக்கு ரிடயர்மென்ட், பிறகு மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறார். போகும்போது நாலு விதை கிடைத்தால் போதும் என்று கேட்டுவைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் ஒரே வண்டியில் ஓடியதில் அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கொடியோ சுவர் ஏறி, கூரை ஏறி, துணி காயப்போடும் கம்பியையும் வளைத்துக்கொண்டது. பூ மருந்துக்கும் இல்லை. சாம்பல் போட்டாள், தண்ணீர் ஊற்றாமல் பட்டினி போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து திட்டியும் பார்த்தாள். தினமும் வண்டி எடுக்குமுன் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். இவள் உதட்டைப் பிதுக்குவாள்.

ஒரு லீவு நாள் சாயங்காலம் டிரைவரே வந்தார். கொடியைச் சுற்றிவந்து தண்டைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பொழுது சாய்ந்து விளக்கு எரிந்தது. டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது விடியவிடிய எரியுதா?"

"ஆமாண்ணே. அவர் போட்டது" என்றாள் பெருமையாக.

"இந்தக் கொடிக்கு ராத்திரி நீளமா, நல்ல இருட்டா இருக்கணும்மா. அப்பத்தான் பூக்கும். வெளிச்சத்துல இது வளந்துகிட்டேதான் இருக்கும்."

இன்னும் ஒன்றரை மாதத்துக்குள் பூத்தால் அவர் கிளம்புவதற்குள் விதை முற்றும், தவறினால் முற்றாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று வீட்டுக்காரரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் பல்பை லேசாகத் திருகிவிட்டாள். பல்பு போய்விட்டது என்று அவர் முன்னதைவிடப் பெரிதாக ஒன்று மாட்டினார். கோணியைப் போட்டு மூடினாள். காற்றில் பறந்து வந்திருக்கும் என்று அதை மடித்து வைத்துவிட்டு, விளக்குக்கு ஒரு கண்ணாடிக் கூண்டும் போட்டார். வயரைக் கழற்றிவிட்டாள். அன்று இரண்டாவது விளக்கும் வந்தது, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமாம். கொல்லை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. பத்து நாள் பாழாய்ப் போயிற்று.

பதினோராம் நாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏங்க, அந்த விளக்கு இருந்தா கொடி பூக்காதாம்."

வயர்மேன் முகம் தொங்கிப்போயிற்று. "இத ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க எனக்காக ஆசையா போட்டதுங்க. எப்படிச் சொல்றது?"

அவருக்கு வலிக்கத்தான் செய்தது. கண்ணாடிக் கூண்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ பல்பைத் திருகினது, வயரைக் கழட்டினது எல்லாம் நீதானா? நான் எலின்னு நெனச்சு பொறி வாங்கி வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே ஏணியைக் கொண்டுவந்து விளக்கு இரண்டையும் கழற்றினார். அதோடு நின்றாரா? தெருவிளக்கு வெளிச்சம் கொடியில் படாதபடி கூரையோரம் தகரம் அடித்தார். பக்கத்து வீட்டு மாடிப்படி விளக்கு வீணாக எரிகிறது என்று அவர்களிடம் கெஞ்சி, அதற்கும் ஒரு ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்ட மனுஷர் ஒரு அவரைக்கொடிக்காக இருட்டைக் காவல் காத்தார். அவள் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிடுவதால், காலையில் ஒவ்வொரு கணுவாகப் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. காயைத் தொடாதவருக்குக் கொடி பிடித்துப்போய்விட்டது.

டிரைவர் சொன்ன கெடுவுக்கு மூன்றே நாள் பாக்கி. காலை நெரிசல், பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. அவள் பின்படியருகே மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டியூட்டியில் போன் எடுக்காதவள் அன்று எடுத்தாள்.

"பூத்திருச்சு" என்றார் வயர்மேன். "நீலமா, ரெண்டு. இரு, இந்தப் பக்கம் இன்னொண்ணு."

முன்னால் போய்ச் சொல்ல வழியில்லை. விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ் நின்றது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பதறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அண்ணே" என்று அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கத்தினாள், "பூத்திருச்சு."

டிரைவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன் சீட்டுக்காரர் பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கொடி சார்" என்றார் டிரைவர். "அதுவும் என்கூட ஊருக்கு வருது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரில் கை வைத்தார். இரண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். கண்டக்டரம்மாவுக்கோ சிரிப்பில் ஊத வரவில்லை.