மாமாவுக்கு ஆகாத மாத்திரை

"ஒங்க அம்மா பொறந்த ஊர் வயல் பக்கமா, காட்டுப் பக்கமா? சுத்தி குளம் குட்டை உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, அவர் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே என் மகனின் சிறுநீர். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். தாராவியில் முப்பது வருஷமாகத் தோல் பை தைக்கிறவன் நான். பழுப்பில் எத்தனை பழுப்பு உண்டென்று எனக்குத் தெரியும். டப்பாவில் இருந்தது பெல்ட்டுக்கு ஏற்றுகிற அடர்ந்த சாயத்தின் நிறம். பத்தொன்பது வயதுப் பையன் கட்டிலில் கண் மஞ்சளாகிக் கிடக்கிறான், இவர் என் அம்மா பிறந்த ஊரில் குளம் இருக்கிறதா என்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது.

நான் பிறவியிலேயே பயந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்ததும் ஒரு பயத்தில்தான். பெயிலாகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பரீட்சைக்கே போகவில்லை. வீட்டில் யாராவது இரண்டு தடவை தும்மினால் மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருப்பேன். அதனால் அந்த மழைக்காலத்தில் மகனுக்குக் குளிர் காய்ச்சல் வந்ததும் மறுநாள் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டு நிறுத்தினேன். ரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை, ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமிக்குப் பதினான்கு நாள் மாத்திரை. இரண்டாவதை எழுதும் முன் டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, "வீட்ல யாருக்காவது மாத்திரை சாப்ட்டு கண் மஞ்சளாச்சா? யூரின் கறுப்பாப் போச்சா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டார்.

யோசிக்கத் தேவையே இல்லை. என் தாய்மாமாவுக்கு அப்படி ஆகியிருக்கிறது, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாவது தடவை பிழைத்ததே பெரிது. அதன் பிறகு மாமா காய்ச்சல் வந்தால் கஞ்சியும் போர்வையுமாகக் கிடப்பாரே தவிர மாத்திரையைத் தொடமாட்டார். "நம்ம ரத்தத்துக்கு இதெல்லாம் ஒத்துக்கிடாதுலே மருமவனே" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த மாமாவின் மகளைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

ஆனால் டாக்டரம்மாவின் மேசைக்கும் வெளியே இருந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை மட்டும்தான் இருந்தது. அந்த பெஞ்சில் திலக் நகர்க்காரம்மா உட்கார்ந்திருந்தார். என் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தவர். நாங்கள் நுழைந்தபோதே, "என்ன தம்பி, யாருக்கு என்ன?" என்று விசாரித்திருந்தார். பம்பாயில் எங்கள் ஆட்களுக்குள் பெண் பார்க்கிறபோது, வீட்டில் யாருக்கு என்ன சீக்கு என்பதை ஊரில் இருக்கிற ஒன்றுவிட்ட சொந்தம் வரைக்கும் போன் போட்டு விசாரிப்பார்கள். ரத்தத்தில் குறை என்ற சொல் திரையைத் தாண்டிப் போனால் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. "அப்படி யாருக்கும் இல்லை டாக்டரம்மா" என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அந்த மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் காலை என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அத்தான், இவன் கண்ணப் பாருங்க. எங்கப்பா கண்ணு மாதிரியே இருக்கு." அவள் சாயலைச் சொல்லவில்லை.

அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவருக்கு என் மகளை விடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டவர், "இப்பவாவது சொன்னேளே" என்று மட்டும் சொன்னார். மாத்திரையை நிறுத்தினார், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார். பிறகுதான் அந்தக் குளத்துக் கேள்வி. எங்கள் அம்மா ஊரில் வயல்தான், சுற்றிக் குளமும் வாய்க்காலும் என்றேன். ஏதோ எதிர்பார்த்தது கிடைத்த மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் மகன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அப்போது டாக்டரம்மா எங்கள் குடும்ப வழியை வரைந்து பார்க்க ஒரு காகிதத்தோடு வந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அவர் பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச்சு உண்டு, எழுத்து கிடையாது. உறவுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "ஒங்க மாமாவும் மாமனாரும் ஒரே ஆளா?"

"ஆமா, எங்கள்ல அப்படித்தான்."

"நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு சதுரம் மிச்சம்" என்று சிரித்தார். என் மனைவி கூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன், படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிலருடைய சிவப்பணுவில் ஒரு சத்து குறைவாக இருக்கும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. சில மருந்துகள் உள்ளே போனால் அணு பொலபொலவென்று உடைந்துவிடும். தாய் வழியாக மகனுக்கு வரும். தகப்பனுக்கு இருந்தால் மகள்கள் அத்தனை பேரும் அதைச் சுமப்பார்கள். இந்தக் குறை ஏன் உலகத்தை விட்டு ஒழியவில்லை என்பதுதான் விசேஷம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே, கொசுவும் மலேரியாவும் கொன்று குவித்த சதுப்பு நிலங்களில், இந்த ரத்தம் உள்ளவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்தார்களாம். கிருமிக்கு அந்த அணுவில் குடியிருக்க வசதிப்படாது.

"அப்பப் பிள்ளைக்கு எதுக்குக் காய்ச்சல் வந்துது?" என்று என் மனைவி விடவில்லை.

"வராதுன்னு இல்லைம்மா. வந்தாலும் சாகாம தப்பிக்கக் கொஞ்சம் கூடுதல் சான்ஸ். அவ்வளவுதான். அப்படித் தப்பிச்சவாதான் கல்யாணம் பண்ணிண்டு, குழந்தை பெத்துண்டு, நீங்க வரைக்கும் வந்திருக்கேள்."

அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. மிஷினில் தோலை மடித்துக் கொடுக்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தி நினைவுக்கு வருவாள். பெயர் கிடையாது, என்ன மொழி பேசினாளோ தெரியாது. ஈர நிலத்தில் ஒரு குடிசை, ஒரே பாயில் நடுங்குகிற நாலு பிள்ளைகள். விடிந்தபோது இரண்டு பேர் எழுந்தார்கள். எழுந்தவன் ஏன் எழுந்தான் என்று அவளுக்குத் தெரியாது. எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டாளோ அந்தச் சாமிக்கு நன்றி சொல்லியிருப்பாள். அவனைக் காப்பாற்றியதுதான் இத்தனை காலம் நடந்து, ரயிலேறி, தாராவிச் சந்துக்குள் வந்து என் மகனைப் படுக்கப் போட்டது. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? என் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "யோவ், தோலை நேராப் பிடியும்" என்றார்.

நல்லதோ கெட்டதோ, மகளுக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அவள் பெறும் ஆண்பிள்ளைக்கு வரலாம். "கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லலாம்" என்றாள் என் மனைவி. மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "தம்பிக்குப் பட்டது போதாதாக்கும்? நீங்க போய்ச் சொல்லுதியளா, நான் போகவா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திலக் நகருக்குப் போனேன். அந்த அம்மா காப்பி கொடுத்தார். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், திரைக்குப் பின்னால் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னிக்கு நான் எதுக்கு அங்க வந்திருந்தேன்னு நீரு கேக்கவே இல்லியே."

"கேக்கல அக்கா."

"எம் மவன் சுகர் ரிப்போர்ட்ட வாங்க வந்தேன். இருபத்தெட்டு வயசுலயே வந்துட்டு. ஒம்மப் பாத்ததும் ரிப்போர்ட்ட முந்தானைக்குள்ள சொருகிட்டு, நீரு எப்பப் போவீருன்னு உக்காந்திருந்தேன். நீரானா உள்ள போயி, எங்களுக்கு ஒரு சீக்கும் கிடையாதுன்னு கத்துதீரு. ஆத்தாடி, இம்புட்டு சுத்தமான குடும்பமான்னு ரிப்போர்ட்ட இன்னும் உள்ள தள்ளிக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "காப்பியக் குடியும், ஆறிப்போச்சு. மருமவ வரட்டும். ரெண்டையும் அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போவோம். சுகருக்கும் எந்தக் காலத்துப் பாட்டன் காரணம்னு கேப்போம்."

கேட்டோம். அதற்கும் ஏதேதோ சொல்கிறார்கள், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், தனக்கே உறுதியாகத் தெரியாது என்று டாக்டரம்மா கையை விரித்தார். தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழைய அணுவெல்லாம் உடைந்துபோயிருக்கும், உடனே பார்த்தால் சரியாக இருப்பது போலக் காட்டும் என்று மூன்று மாதம் கழித்து மகனுக்குப் பரிசோதனை செய்தார். இருக்கிறது. மகளும் சுமக்கிறாள். ஆகாத மருந்துகளையும் பொருள்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். போகிற நாளில் பார்க்க முடியவில்லை. மகளின் கைப்பையில் அந்தத் தாள் நாலாக மடித்தபடி இருக்கிறது.

மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். எங்களில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டோம். நிறைய நாள் வாழ்ந்தவர்களின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவோம். அதற்கென்றே என் மனைவி, வயதாகிப் போய்ச்சேர்ந்த மாமாவின் வேட்டியொன்றைப் பன்னிரண்டு வருஷமாகத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். போன வாரம் எடுத்தாள். அந்துருண்டை வாடை வீடு முழுக்க அடித்தது. மகள் கைப்பையைத் திறந்து தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்துருண்டை வச்ச துணி பிள்ளைக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கு. மாத்திரை மாதிரிதானாம்" என்றாள்.

என் மனைவி வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு மடிப்பைத் தடவினாள். "எங்கப்பாவுக்கே ஆகாதது. அதுலயே போட்டுப் பொதிஞ்சு வச்சிருக்கேன் பாரு" என்றாள். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த என் வேட்டியை உருவி, நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஏட்டி, நான் என்னத்தக் கட்ட?"

"வாழ்ந்த ஆளு வேட்டிதானே வேணும் அத்தான்? நீங்க இருக்கியள்லா, பயந்து பயந்தாவது" என்றாள்.